தெற்குக் கல்வேலி

யூலை 21, திங்கள்

நாளைக்கு நெடுந்தீவுக்குப் போகிறோம். பேத்தி சுகிர்தாவின் ஏற்பாடு. கிளிநொச்சியில் அவள் வேலை செய்யும் மருந்துக் கடையில் லீவு கொடுத்திருக்கிறார்கள். அங்கே இப்போது தேசியப் பூங்காவாம், காட்டுக் குதிரைகளாம், ஒல்லாந்தன் கட்டிய கோட்டையாம். போனில் படம் காட்டினாள். நான் கலியாணம் செய்து போய், இரண்டு பிள்ளை பெற்று, உப்புத் தண்ணீரில் சீலை தோய்த்துச் சீவித்த இடத்தை எனக்கே படத்தில் காட்டுகிறாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தெய்வானை வீட்டுப் பக்கம் போகக்கூடாது. தெய்வானை என் மனுசனின் தமக்கை. எனக்கு மச்சாள் முறை. முறை மட்டுந்தான் மிச்சம்.

"விடுதியிலைதான் தங்குறம் அப்பம்மா" என்றாள் சுகிர்தா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் இருக்கட்டும். மறந்துபோகும் என்று நான் எழுதுவதில்லை, எனக்கு மறதி கிடையாது. பிறகு ஆரும் கதையை மாற்றிச் சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மாற்றுச் சீலை இரண்டு, வெற்றிலை, முழங்காலுக்குப் பூசும் எண்ணெய், பிரசர் குளிசை. ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட மகனிடம் சொல்லியாயிற்று. சொன்னால் மட்டும் செய்துவிடுவானா?

யூலை 22, செவ்வாய்

சோளகக் காற்று, கடல் கொந்தளிக்கும் காலம். குறிகட்டுவானில் படகு ஏறும்போதே ஓட்டி சொன்னான்: "ஆச்சி, போறது போவம். நாளைக்குத் திரும்பி வாறது கடல் சொல்லுறபடிதான்." சுகிர்தாவின் முகம் வெளிறிப் போனது. பலகையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு வேறு ஒரு படகு ஞாபகத்தில் இருந்தது.

அதை ஒருமுறை எழுதி வைக்கிறேன். சண்டைக்காலத்தில் ஊர் வெளிக்கிட்டபோது நான் இரண்டு பிள்ளைகளோடு படகில் ஏறினேன். அவர், கந்தவனம், என் மனுசன், இறங்குதுறையில் நின்றார். "மாடுகளை அவிழ்த்து விட்டிட்டு நாளைக்கு வாறன்" என்றார். பக்கத்தில் தெய்வானை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்குப் போகாதை தம்பி" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த நாள் கடலில் ஒரு படகும் ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த மாதக் கடைசியில் அவர் காய்ச்சலில் செத்துப்போனார். அந்தச் சேதி எங்களிடம் வந்து சேர ஆறு மாதம். கொண்டுவந்தவன் ஒரு மீன் வியாபாரி. "சவத்தை ஒழுங்கா எடுக்கேல்லையாம் அக்கா. ஏதோ முறைகேடாத்தான் கொண்டு போனவையாம்" என்று சொல்லிவிட்டு, தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முறைகேடு என்றால் என்ன? இழுத்துக்கொண்டு போனார்களா? கடற்கரையில் குழி தோண்டி மூடினார்களா? அன்றைக்கிருந்து எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். ஆரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் தெய்வானை. அவளிடம் நான் கேட்பதாவது!

இறங்குதுறையில் ஓட்டோ பிடித்தோம். ஓட்டோ தெற்கே தெற்கே போயிற்று. பூங்கா என்று பச்சைப் பலகை போட்ட வெளிக்குப் பக்கத்தில், எனக்கு நன்றாகத் தெரிந்த கல்வேலிக்கு முன்னால் நின்றது. படலையில் தெய்வானை. தலை முழுக்க வெள்ளை, இடுப்பு வளைந்துவிட்டது, கண் மட்டும் அதே கண்.

"எடியே, இதுதானோ விடுதி?"

"அப்பம்மா, ஒரே ஒரு இரவு…"

"திருப்பு ஓட்டோவை."

ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "எங்கையணை திருப்புறது? பின்னேரப் படகு நிப்பாட்டியாச்சு."

தெய்வானை என்னைப் பார்க்கவில்லை. சுகிர்தாவைப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளை, உங்கடை அப்பம்மாவுக்குச் சொல்லு, கால் கழுவத் தண்ணி வாளியிலை இருக்கெண்டு."

"எனக்குக் கால் ஊத்தை இல்லையெண்டு சொல்லு" என்றேன்.

"ஊத்தை காலிலை இல்லையெண்டு எனக்கும் தெரியுமெண்டு சொல்லு."

சுகிர்தா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினாள். படுபாவி, சிரிப்பை அடக்குகிறாள்.

இந்த ஊரில் வேலி என்றால் முருகைக்கல். சாந்து கிடையாது. கல்லுக்கு மேல் கல்லாக அடுக்குவதுதான். நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சீவித்த வளவு இது; தெற்கு வேலியை அவரும் நானும் சேர்ந்து அடுக்கினோம். இன்றைக்குப் பார்த்தால் அதில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வளவெல்லாம் குதிரைச் சாணம். வீட்டை இப்படியா வைத்திருப்பாள்? குதிரை உடைத்திருக்கும், இவள் சோம்பலில் விட்டிருப்பாள்.

ஆனால் குதிரை இடித்தால் கல் சிதறிக் கிடக்கும். இங்கே கற்கள் ஒரு கரையில் அடுக்கிக் கிடக்கின்றன. அடிக்கல் ஒரு வரிசை, நடுக்கல் ஒரு வரிசை, மேற்கல் தனியாக. மேலே பாசி பிடித்துக் கறுத்துப்போய்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

யூலை 23, புதன்

படகு இல்லை.

விடியத் தெய்வானை புட்டு அவித்துப் பாயில் வைத்திருந்தாள். நான் கொண்டுவந்த பேக்கரிப் பணிசைத் தின்றேன். சுகிர்தா இரண்டையும் தின்றாள்.

யேசுராசா என்பவன் வந்து எங்களைப் பூங்கா சுற்றிக் காட்டக் கூட்டிப்போனான். பூங்காவில் வேலை செய்பவன், இந்த ஊர்ப் பிள்ளை. நான் இங்கே இருந்தபோது பள்ளிக்கூடம் போகாமல் நண்டு பிடித்துத் திரிந்தவன். இப்போது காக்கிச் சட்டையும் தொந்தியும்.

கோட்டை பார்த்தோம். சுவர் எல்லாம் நம்முடைய வேலிக்கல்தான். ஒல்லாந்தன் ஆளை வைத்துச் சுமப்பித்திருப்பான். பெருக்கமரத்தின் பொந்துக்குள் சுகிர்தா நின்று படம் எடுத்தாள். வெள்ளைக்காரன் காலத்துப் புறாக்கூட்டையும் காட்டினான் யேசுராசா. உயரமான மேடை, சுற்றிவரப் பொந்து பொந்தாக.

"புறாவின்ரை காலிலை கடிதம் கட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறவையாம் அப்பம்மா!" என்றாள் சுகிர்தா.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனுக்குக் கடலைத் தாண்டிச் சேதி போயிருக்கிறது. நான் மேடையைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு புறாவும் இல்லை.

"என்னணை தேடுறியள்?" என்று யேசுராசா கேட்டான்.

"ஒண்டுமில்லை. நட."

குதிரைகள் வெளியில் நின்றன. விலா எலும்பு எண்ணலாம். குளம் வற்றி வெடித்துப்போய்க் கிடக்கிறது. பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்களாம், காணாதாம். ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு நின்றது. கடல் பக்கம் இரைச்சல் குறையவில்லை.

பின்னேரம் நடந்தது:

நாங்கள் கிணற்றடியில் இருந்தோம். குதிரைகள் தெற்கு வேலித் திறப்பால் வளவுக்குள் வந்தன, வீட்டுக்கு வருவதுபோல. கிணற்றடிக் கல்தொட்டியில் வாய் வைத்தன. சுகிர்தா போனை நீட்டிக்கொண்டு குட்டிக்குக் கிட்டப் போனாள். பின்னால் ஆண்குதிரை வந்தது அவளுக்குத் தெரியவில்லை. காதை மடித்து, பல்லைக் காட்டி, முன்னங்காலைத் தூக்கிவிட்டது. பிள்ளைக்கும் வேலிக்கும் நடுவில் அது.

நான் முழங்காலை ஊன்றி எழும்பப் பார்த்தேன்.

தெய்வானை வளைந்த இடுப்போடு வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அதற்கு முன்னால் போனாள். "என்னடா, உனக்கு முதல் மரியாதை வேணுமோ? இந்தா குடி" என்று வாளியை வைத்தாள். அது இறங்கிக் குடித்தது. இடக்கையால் சுகிர்தாவை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்த நேரம் யேசுராசா சைக்கிளில் வந்தான். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "இதுக்குத்தான் ஆச்சி கரையிறன். போன மாசம் ஒரு குட்டி உங்கடை கிணத்துக்குள்ளை விழுந்தது. இனி விட ஏலாது. வெள்ளிக்கிழமை ஆக்களைக் கொண்டுவந்து அந்த இடத்துக்குக் கம்பி அடிக்கப் போறம்."

"அந்த இடத்திலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றாள் தெய்வானை.

"ஏனணை? குதிரையளும் சாகுது, நீங்களும் ஒருநாள் மிதிபட்டுச் சாவியள்."

"செத்தால் என்ரை சாவு. அங்கை கை வைக்கக்கூடாது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் யேசுராசாவுக்குப் பின்னால் படலை வரைக்கும் போனேன்.

"தம்பி, உது என்ரை மனுசன்ரை காணி. அவளுக்கு இருக்கிற உரிமை எனக்கும் இருக்கு. நான் சொல்லுறன், அடி கம்பியை."

"உண்மையாவோ ஆச்சி?"

"நான் சொன்னால் சொன்னதுதான்."

பிள்ளையின் உயிருக்காகச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

யூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

இன்றைக்கும் படகு இல்லை. சுகிர்தா கடைக்குப் போன் அடித்து லீவைக் கூட்டிக் கேட்டாள். முதலாளி ஏசியிருக்கவேண்டும், முகம் சுருங்கிப்போய் இருந்தாள். "நீ கொண்டுவந்த விடுதிதானே, அனுபவி" என்றேன்.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் பிடிக்கும் நாள். மகன் வீட்டில் பிடிப்பான். இங்கே அடுப்படியில், இந்த விரதத்துக்கென்றே பொரிக்கும் காத்தோட்டிக்காயின் மணம். எட்டிப் பார்த்தேன். தெய்வானை தலைவாழை இலை போட்டு, சோறு வைத்து, பூசணிக்காய்க் கறி வைத்து, காத்தோட்டிக்காய் வைத்து, கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தாள். அவர் கருப்பட்டி இல்லாமல் சாப்பாட்டை முடிக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது.

மறதி கிடையாது என்று முதல் நாள் எழுதினேன். அதை வெட்டவில்லை.

இலையைத் தெற்கு வேலித் திறப்புக்குக் கொண்டுபோய் வைத்தாள். காகத்தைக் கூப்பிட்டாள். ஏன் அங்கே கொண்டுபோகிறாள்? முற்றத்தில் இடம் இல்லையா?

மத்தியானத்துக்குப் பிறகு யேசுராசா வந்தான். தெய்வானை விறாந்தையில் பாக்கு வெட்டிக்கொண்டு இருந்தாள். நான் எதிரே, தூணில் சாய்ந்து.

"ஆச்சி, நாளைக்குக் காலமை பத்து மணிக்கு ஆக்கள் வருவினம். மற்ற ஆச்சி ஓமெண்டிட்டா. கோவிக்காதையுங்கோ."

பாக்குவெட்டி நின்றது. "ஆர் ஓமெண்டது?"

"நான்தான்" என்றேன்.

ஊரை விட்டுப் போனதற்குப் பிறகு நான் அவளுக்கு நேரே சொன்ன முதல் சொல் அது.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "குதிரை உடைச்ச இடமெண்டு நினைச்சியோ? அது என்ரை தம்பியைக் கொண்டுபோன வழியடி! மூடவேண்டியவள் வரேல்லை, அதாலை திறந்து கிடக்கு. இப்ப வந்து கூலியாக்களைக் கொண்டு கம்பி அடிக்கப் போறியோ?"

சுகிர்தா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்ன வழி? எனக்கு விளங்கேல்லை" என்று கேட்டாள். அவளுக்காக இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பிணத்தைப் படலையால் கொண்டுபோவதில்லை. வேலியைப் பிரித்துத்தான் பாடையை வெளியே எடுப்பது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய அந்த இடத்தைத் திரும்ப அடைக்கவேண்டும். எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் கல்லை வைப்பது பெண்சாதி.

எனக்கு இது தெரியாதா? செவ்வாய்க்கிழமை அந்தக் கற்கள் அடுக்கிக் கிடந்ததைப் பார்த்தவுடனேயே… சரி.

"பாடை கட்டினதோ?" என்று கேட்டேன். என் குரல்தான், ஆனால் எங்கேயோ நின்று ஆரோ கேட்பதுபோல இருந்தது.

"கட்டினது. நான்தான் கட்டினன். பனை வடலி மட்டை வெட்டி, உன்ரை கலியாணக் கூறைச்சீலையை மேலை விரிச்சு."

"கூறைச்சீலையையோ?"

"பெட்டியிலை விட்டிட்டுப் போனனீ. நீ இல்லை. உன்ரை சீலையெண்டாலும் போகட்டுமெண்டு."

அந்தக் கூறையை அவள் எடுத்துக் கட்டியிருப்பாள் என்று எத்தனை ஆண்டு நினைத்தேன்.

"ஆர் காவினது?"

யேசுராசா தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "எங்கடை அப்பு ஒராள். சின்னான் அண்ணர் ஒராள், அவர்தான் கொள்ளியும் வைச்சவர். மற்றது வண்டில்கார இளையவர். ஊரிலை நடக்கக்கூடிய ஆம்பிளையள் அவ்வளவுதான் அண்டைக்கு."

"மூண்டுபேர். பாடைக்கு நாலு தோள் வேணும்."

"நாலாவது என்ரை" என்றாள் தெய்வானை.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையில் நின்று அழுவதோடு சரி. இவள் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் சுடலை வரைக்கும் நடந்திருக்கிறாள்.

"பொம்பிளை காவின சவமெண்டு என்ரை தம்பியை ஊர் சொல்லும். அதாலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அவை மூண்டுபேரையும் சத்தியம் பண்ண வைச்சனான். எண்டாலும் ஆரோ பாத்திருக்கினம்."

முறைகேடு. மீன் வியாபாரி தராசோடு கொண்டுவந்த சொல் இதுதான்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அண்டைக்கு இறங்குதுறையிலை அவரை நீதானே மறிச்சனீ?"

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஓம். மறிச்சனான்" என்றாள். "ஒருநாளைக்கெண்டுதான் மறிச்சனான்."

யேசுராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு, "பத்து மணிக்கு வருவினம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

நான் கிணற்றடிக்குப் போனேன். சரியான காற்று. கண்ணுக்குள் மணல் போய்விட்டது. கழுவக் கனநேரம் எடுத்தது.

அவள் அவரை மறித்ததை நான் மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

பின்னேரம் அவள் அவித்த புட்டைத் தின்றேன். உப்புக் காணாது.

யூலை 25, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. மத்தியானப் படகு ஓடும் என்று சுகிர்தா போனில் கேட்டுச் சொன்னாள்.

நான் விடிய எழும்பித் தலை தோய்ந்துவிட்டுத் தெற்கு வேலிக்குப் போனேன். தெய்வானை அங்கே கல்லில் குந்தியிருந்தாள், கம்பி அடிக்க வருகிறவர்களை மறிக்க ஆயத்தமாக, கையில் உலக்கை. உலக்கையைத் தூக்கும் பலமும் இல்லை அவளுக்கு.

"எழும்பு மச்சாள். கல்லிலை இருந்தால் எப்பிடி அடுக்கிறது?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆர் அடுக்கிறது?"

"வேற ஆர்? அவங்கள் வர முதல் முடிக்கவேணும்."

"உனக்கு முழங்கால் ஏலாதெண்டு பிள்ளை சொன்னது."

"உனக்கு இடுப்பு ஏலாது. ரெண்டையும் சேர்த்தால் ஒரு ஆள் வரும்."

அவள் உலக்கையை வேலியில் சாத்தினாள்.

அடிக்கல் வரிசையில் முதல் கல்லை நான் தூக்கினேன். முருகைக்கல் பார்க்கத்தான் பாரம், தூக்கினால் அவ்வளவு இல்லை. ஆனால் கையை அறுக்கும். அவரும் நானும் இதை முதலில் அடுக்கியபோதும் அறுத்தது. வைத்தேன். அதற்குமேல் அந்தக் கல்லைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பிறகு சுகிர்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள், போனை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அவள் தூக்கித் தர, தெய்வானை வாங்கித் தர, நான் அடுக்கினேன். ஒரு கல்லும் மாறவில்லை. வரிசை குலையாமல் அத்தனை காலமும் வைத்திருக்கிறாள்.

"ஏன் ஆச்சி, மூடாமல் விட்டால் என்ன செய்யும்?" என்று சுகிர்தா கேட்டாள்.

"போனவர் அந்த வழியாலை திரும்பி வருவாரெண்டு சொல்லுவினம் பிள்ளை."

"வந்தவரோ?"

"குதிரைதான் வந்தது." கல்லை என்னிடம் நீட்டினாள். "என்ன வந்தாலும் தண்ணி குடுக்கவேணுமெண்டு குடுத்தன்."

பாதி உயரம் வந்தபோது யேசுராசா ஆட்களோடும் கம்பிச் சுருளோடும் வந்துவிட்டான். பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு ஆட்களைக் கொண்டு கல்தொட்டியை வேலிக்கு வெளியே நகர்த்தினான். அந்த உயரத்தில் ஒரு குழாய்த்துண்டுக்கு இடம் விட்டு அடுக்கச் சொன்னாள் தெய்வானை. கிணற்றுத் தண்ணீரை உள்ளேயிருந்து ஊற்றினால் வெளித்தொட்டிக்குப் போகும். "கம்பியைத் திருப்பிக் கொண்டுபோ. குதிரைக்குத் தண்ணி என்ரை பொறுப்பு" என்றாள் யேசுராசாவிடம்.

குதிரைகள் தூரத்தில் நின்று பார்த்தன. ஆண்குதிரை முதலில் வந்து புதுவேலியை முகர்ந்தது. பிறகு தொட்டியில் வாய் வைத்தது.

மேற்கல் அடுக்கும்போது தெய்வானைக்குக் களைத்துவிட்டது. பழையபடி குந்தியிருந்துகொண்டு எனக்கு வேலை சொன்னாள்.

"பூரணம்."

என் பெயரை அவள் கூப்பிட்டுக் கேட்டு எவ்வளவு காலம்!

"என்ன?"

"இறுக்கி அடுக்காதை. என்னையும் உந்த வழியாலைதான் கொண்டு போகவேணும். பிரிக்கிறவங்களுக்குக் கஷ்டம் குடுக்காதை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்னது காதில் விழாத மாதிரி, இடைவெளி இருந்த இடமெல்லாம் சின்னக்கல் செருகினேன். உள்ளங்கையால் தட்டித் தட்டி, அசையாமல், ஒரு நண்டுகூட நுழையாமல் இறுக்கியே அடுக்கினேன். அவ்வளவு சுகமாக அவளைப் போக விடமாட்டேன்.

மத்தியானப் படகில் சுகிர்தாவை மட்டும் ஏற்றி அனுப்பினேன். ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட மகன் மறக்காமல் இருக்கிறானா என்று பார்க்கச் சொல்லிவிட்டேன்.